உஷார்! கழித்துப் போட்ட கடலை பாலில் திரும்பி வருகிறது

நில்லுங்கள். அந்தக் கடலையை வாயில் போடுமுன் ஒரே ஒரு நிமிடம் எனக்குக் கொடுங்கள்.

வறுத்த கடலை கொறிக்கும்போது நடுவில் ஒன்று கசந்திருக்கிறதா? முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்தக் கசப்பு போவதற்காக இன்னும் நாலு நல்ல பருப்பை எடுத்து மென்றிருக்கிறீர்களா? கசந்ததைத் துப்பினீர்களா, விழுங்கினீர்களா?

பெரும்பாலோர் விழுங்கியிருப்போம். 'ஒரு பருப்புதானே, என்ன ஆகிவிடும்' என்று விட்டிருப்போம்.

அந்த ஒரு பருப்பைப் பற்றித்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பயிரைத் தாக்கும் பூஞ்சணங்களை அடையாளம் காணும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே கண்ணால் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளை பெற்றவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், கடலை போடுகிறவர்கள், கடலை வாங்குகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

ஓர் அக்காவுக்கு நடந்தது

திண்டிவனம் பக்கம் ஓர் அக்கா. பேர் வேண்டாம். ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். காய் முற்றுகிற நேரத்தில் மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. பூமி வெடித்துக் கிடந்தது. ஐப்பசியில் செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்து களத்தில் போட்ட அன்று, அதுவரை வராத மழை வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடினார். மழை விடவில்லை. நாலு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளேயிருந்து சூடு அடித்தது. மக்கிய வாசனை.

காயவைத்தார். உரித்தார். உட்கார்ந்து பொறுக்கினார். திரண்ட பருப்பெல்லாம் ஒரு சாக்கு. அது வியாபாரிக்குப் போயிற்று. சுருங்கினது, முளைத்தது, தோல் நிறம் மாறினது, சொத்தை எல்லாம் இன்னொரு சாக்கு. அது செக்குக்குப் போயிற்று. எண்ணெய் வீட்டுக்கு. புண்ணாக்கு மாட்டுக்கு.

இரண்டு வாரத்தில் கறவை மாடு தீனியைக் குறைத்தது. பால் பாதியாயிற்று. கன்றின் ரோமம் சிலிர்த்து நின்றது. கால்நடை மருத்துவர் வந்தார். மாட்டைத் தொட்டுப் பார்த்த கையோடு, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த புண்ணாக்கை அள்ளி முகர்ந்தார். "இன்றைக்கே நிறுத்துங்கள்" என்றார். ஒரு பிடி புண்ணாக்கும், மிச்சமிருந்த சொத்தைப் பருப்பு ஒரு பையும் எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

சோதித்தோம். நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு இருந்தது.

முடிவைக் கேட்க வந்த அக்கா சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "நாங்க சாப்பிடலையேம்மா! கழிச்சதத்தானே மாட்டுக்கு வெச்சேன்!"

அந்த மாட்டுப் பாலைத்தான் அவருடைய இரண்டு வயதுப் பேத்தி தினம் இரண்டு வேளை குடித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையிடம் அப்போது எந்த அறிகுறியும் தெரியவில்லை. தெரியாது. இந்த நஞ்சு வந்த உடனே கதவைத் தட்டாது. அதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

இது என்ன நஞ்சு?

பேர் அஃப்ளடாக்சின். அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ், அஸ்பர்ஜிலஸ் பாராசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சணங்கள்தான் இதைச் சுரப்பதில் முக்கியமானவை. நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, மிளகாய் வற்றல், கொப்பரை என்று நம் வீட்டு அடுக்களையில் இருக்கிற பல பொருளில் இவை வரும். கடலையில் மண்ணுக்குள் இருக்கும்போதே நுழைந்துவிடும். செடி வறட்சியில் வாடும்போது காய் எதிர்ப்பை இழக்கிறது. பூஞ்சணத்துக்கு அதுதான் திறந்த கதவு.

கடலையை 250 டிகிரி சூட்டில் வறுத்தால் அது கரிந்துவிடும் அல்லவா? இந்த நஞ்சு சிதைய ஏறத்தாழ 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நம் குக்கர் 120 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும்.

அவித்தாலும் போகாது.
வறுத்தாலும் முழுதாகப் போகாது.
பாலைக் காய்ச்சினாலும் போகாது.

வறுக்கும்போது பூஞ்சணம் செத்துவிடும். அது கக்கிவிட்டுப் போன நஞ்சு சாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று ஐயமின்றித் தெரிந்தவற்றை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையிலை இருக்கிற பிரிவு அது. அஃப்ளடாக்சினும் அங்கேதான் இருக்கிறது. குறி வைப்பது கல்லீரலை. ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்கள் இந்த நஞ்சையும் தின்றுவந்தால், கல்லீரல் புற்று வரும் ஆபத்து 30 மடங்கு வரை கூடும்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தலா? இல்லை!

1960. இங்கிலாந்து. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் அகப்பட்டது தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்ற பேரே அதற்குப் பிறகுதான் பிறந்தது.

1974. நம் நாடு. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்கள். அறுவடை நேரத்து மழையில் மக்காச்சோளம் நனைந்தது. ஏழை ஜனங்கள். வேறு தானியம் இல்லை. பூஞ்சணம் பிடித்ததையே அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மஞ்சள் காமாலை. வயிறு வீங்கியது. 397 பேர் படுத்தார்கள். 106 பேர் எழுந்திருக்கவில்லை. அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் அதே நோயில் செத்தன.

2004. கென்யாவின் கிழக்குப் பகுதி. மறுபடியும் மக்காச்சோளம். 317 பேருக்கு நோய், 125 சாவு.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

2018ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 368ல், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்ளடாக்சின் எம்1 அளவு மீறி இருந்தது. எந்த மாநிலத்தில் அதிகம் தெரியுமா?

தமிழ்நாட்டில். எடுத்த 551 மாதிரிகளில் 88.

கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் கூடுதலாகத் தெரிந்தது. பாக்கெட் பால் வாங்குகிறோம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள்.

மாடு தின்ற அஃப்ளடாக்சின் பி1 என்ற வகை நஞ்சு அதன் கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. தின்ற ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். அந்தத் தீனியை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பெரும்பாலும் நின்றும் விடும். இதில் ஒரே ஆறுதல் இதுதான். ஆனால் நிறுத்த வேண்டுமே! தெரிந்தால்தானே நிறுத்துவோம்?

கண்ணை நம்பாதீர்கள்!

'பூஞ்சணம் பிடித்தால் எனக்குத் தெரியாதா?' என்பீர்கள். தெரியாது தாயே. எனக்கே தெரியாது. வருடக்கணக்காக இதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பார்த்ததும் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அக்கா அனுப்பிய பையிலிருந்து பருப்புகளை எடுத்து, மேல்தோலைக் கிருமி நீக்கிக் கழுவி, ஊட்டக்கூழ் தட்டில் வைத்தோம். மூன்றாம் நாள் எல்லாத் தட்டிலும் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி பூத்திருந்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்று. நுண்ணோக்கியில் வைத்தாலும் எல்லாம் ஒரே சாயல். அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ். ஃப்ளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள்.

ஆனால் ஃப்ளேவஸ் எல்லாம் நஞ்சு சுரப்பதில்லை! ஒரே வயலில், ஒரே சாக்கில், ஒரே பருப்பில்கூட, நஞ்சுள்ளதும் நஞ்சில்லாததும் பக்கத்தில் பக்கத்தில் வளரும்.

இன்னொன்று கேளுங்கள். ஜப்பான்காரர்கள் சோயா சாஸும் மிசோவும் சேக்கே மதுவும் செய்ய ஒரு பூஞ்சணத்தை நூற்றாண்டுகளாக வளர்க்கிறார்கள். அஸ்பர்ஜிலஸ் ஒரைசே. அது ஃப்ளேவஸின் உடன்பிறப்பு மாதிரி. இரண்டின் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு ஒற்றுமை. ஒன்று சமையல்காரன். மற்றது கொலைகாரன். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மரபணுவை.

பூஞ்சணத்தின் குடும்பப் பேரைத் தெரிந்துகொள்ள ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் படிப்போம். 2012 முதல் பூஞ்சணங்களுக்கெல்லாம் பொதுவான அடையாளப் பட்டை அதுதான். அஸ்பர்ஜிலஸ் இனங்களுக்கு அது மட்டும் போதாது. கால்மோடுலின், பீட்டா டியூபுலின் என்ற மரபணுக்களையும் சேர்த்துப் படித்தால்தான் இனம் பிரியும். இவ்வளவும் செய்தாலும் தெரிவது பேர் மட்டும். நஞ்சு தெரியாது.

நஞ்சுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பூஞ்சணத்தின் மூன்றாவது குரோமோசோம் ஓரத்தில், சுமார் 70,000 எழுத்து நீளத்துக்கு, 25க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மூலப்பொருளைக் கோக்கும். ஒன்று அதை வளைக்கும். ஒன்று கடைசி மெருகு போடும். அஃப்ல்-ஆர் என்ற ஒன்று மேஸ்திரி. அது 'ஆரம்பி' என்றால்தான் மற்றவை வேலை தொடங்கும்.

நாங்கள் தேடுவது பெரும்பாலும் நாலு பேரை: நார்-1, வெர்-1, ஓ.எம்.டி.-ஏ, அப்புறம் அந்த மேஸ்திரி அஃப்ல்-ஆர். பூஞ்சணத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றி உரலில் அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் வைப்போம். 94 டிகிரியில் இழை பிரியும். சூடு தணிந்ததும் நாம் தேடும் மரபணுவின் இரண்டு முனையிலும் சின்னத் துண்டுகள் போய் ஒட்டும். 72 டிகிரியில் நகல் வளரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 30 சுற்றில் கணக்குப்படி 107 கோடி நகல். அதைக் கூழ்த்தட்டில் ஓட்டிப் புற ஊதா விளக்கில் பார்த்தால் இருட்டில் கோடு கோடாக ஒளிரும்.

அன்று பார்த்தேன். சில பூஞ்சணங்களில் நாலு கோடும் பளிச்சென்று இருந்தன. சிலவற்றில் இரண்டே இரண்டு. ஒன்றில் ஒன்றுமே இல்லை.

எல்லாம் அதே சாக்கு. எல்லாம் அதே பச்சைப் பொடி!

இதில் இன்னும் ஒரு சூது உண்டு. நாலு கோடும் இருந்தும் நஞ்சு சுரக்காத பூஞ்சணமும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பருத்தி வயல்களில் நஞ்சுப் பூஞ்சணத்தை ஒதுக்கித்தள்ள ஏ.எஃப்.36 என்ற நஞ்சற்ற ஃப்ளேவஸையே விதைக்கிறார்கள். அதற்கு ஏன் நஞ்சில்லை? மூலப்பொருள் கோக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தில் ஆலை மொத்தமும் நின்றுவிட்டது.

இப்போது நம் உடம்புக்கு வாருங்கள். அஃப்ளடாக்சின் நம் கல்லீரலுக்குள் போனதும் உருமாறி டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. பி53 என்று ஒரு மரபணு. செல் கண்டபடி பெருகாமல் காவல் காப்பது அதுதான். அதில் 249ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. இந்த நஞ்சை அதிகம் தின்னும் நாடுகளின் கல்லீரல் புற்றுக் கட்டிகளில் அந்தத் தழும்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே ஓர் எழுத்து மாறினால் நஞ்சு நிற்கிறது. இங்கே ஓர் எழுத்து மாறினால் காவல் போகிறது. இதையா நாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடப் போகிறோம்?

கென்யாவில் அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்த பூஞ்சணத்தைப் பார்த்தவுடன், வேறு நாடுகளில் ஏற்கெனவே தெரிந்த ஒரு வகை என்றே நினைத்தார்கள். தோற்றம் அப்படி. டி.என்.ஏ.வைப் படித்த பிறகுதான் அது தனி வம்சம், கடுமையாக நஞ்சு கக்கும் வம்சம் என்று தெரிந்தது. சாவு முந்திக்கொண்டது. அடையாளம் பிந்தி வந்தது.

சோதனை பண்ணியாயிற்று என்றாலும் உஷார்!

யாராவது 'பி.சி.ஆர். செய்து பார்த்தோம், மரபணு இல்லை, சுத்தம்' என்று சொன்னால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். ஆள் கத்தி வைத்திருக்கிறானா என்று பி.சி.ஆர். சொல்லும். குத்தினானா என்று சொல்லாது. அதற்கு நஞ்சையே அளக்கும் சோதனை வேண்டும். எலிசா, அல்லது எச்.பி.எல்.சி.

வறுத்த கடலையில் பூஞ்சணம் செத்து, டி.என்.ஏ. சிதைந்து போயிருக்கலாம். நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே விதைக்கும், வயலுக்கும், சேமிப்புக் கிடங்குக்கும் மரபணுச் சோதனை முன்னெச்சரிக்கை. தின்னும் பொருளுக்கும் தீவனத்துக்கும் நஞ்சின் அளவுதான் தீர்ப்பு. இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை விடக்கூடாது.

எவ்வளவு அளவு என்று கேட்கிறீர்களா? நம் நாட்டுச் சட்டப்படி தானியத்திலும் பருப்பு வகையிலும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நேராகத் தின்னும் கடலையில் 10. பாலில் எம்1 அரை மைக்ரோகிராம். ஒரு டன் தானியத்தில் 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஓர் அரிசி மணியின் எடைதான். ஒரு டன்னில்!

அதனால்தான் சொல்கிறேன். நன்றாக நஞ்சேறிய ஒரே ஒரு சொத்தைப் பருப்பு, ஒரு கிலோ நல்ல கடலையை அளவு மீற வைத்துவிடும். மேலாக ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் அது அகப்படாமலே போகலாம். சாக்கின் மேலும் நடுவும் அடியும் சேர்த்து எடுத்துக் கலந்து கொடுத்தால்தான் சோதனைக்கு அர்த்தம்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே உஷார்!

கடலையில்:
1. மஞ்சள்-பச்சைப் பொடி. பிளந்து பார்த்தால் இரண்டு பருப்புக்கு நடுவிலும் இருக்கும். வெளியே சுத்தமாக இருந்தாலும் பிளந்து பாருங்கள்.
2. சுருங்கிய பருப்பு, முளைவிட்ட பருப்பு, தோல் கறுத்த பருப்பு, பூச்சி துளைத்த பருப்பு.
3. கசப்பு, காறல், மக்கிய வாசனை.
4. காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரவில்லை. ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.
5. சாக்குக்குள் கையை விட்டால் சூடு.

எந்த அறிகுறியும் இல்லாமலும் நஞ்சு இருக்கலாம். இதையும் மறக்காதீர்கள்.

மாட்டிலும் கோழியிலும் தீவனத்திலும்:
1. காரணம் தெரியாமல் தீனி குறைவது, பால் குறைவது.
2. கன்று வளராமல் நிற்பது, ரோமம் சிலிர்ப்பது.
3. புண்ணாக்கு கட்டிகட்டியாக ஒட்டியிருப்பது, உடைத்தால் தூசி பறப்பது.
4. கோழியும் வாத்தும் தீவனம் மாற்றிய சில நாளில் சுருண்டு விழுவது. வாத்துக்குஞ்சு இந்த நஞ்சை அறவே தாங்காது.

மனிதரில்:
1. ஒரே வீட்டில், ஒரே தெருவில், ஒரே தானியம் தின்ற பலருக்குச் சேர்ந்தாற்போல மஞ்சள் காமாலை.
2. வாந்தி, வயிற்றுவலி, வயிறு வீங்குதல், கால் வீங்குதல்.
3. வீட்டு நாயும் அதே நேரத்தில் படுத்துக்கொள்வது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைமருந்து பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன தின்றீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் தானியத்தில் ஒரு பிடியைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

செய்யவே கூடாதவை

உரிக்க எளிதாக இருக்கும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஊருக்கு ஊர் நடக்கிறது. பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது போன்றது அது.

ஈரக் காயைத் தார்ப்பாய்க்குள் மூடி வைக்காதீர்கள். மழை என்றால் கூரைக்கடியில் மெல்லிசாகப் பரப்புங்கள். காற்று போகட்டும். காயின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே மூட்டை கட்டுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் மரக்கட்டைமேல் அடுக்குங்கள்.

பூஞ்சணம் பிடித்த பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சமைக்காதீர்கள். கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். பொடிதான் போகும். நஞ்சு போகாது.

சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். செக்கு எண்ணெய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சொத்தை செக்குக்குப் போவதுதான் கெட்டது. ஆலையில் சுத்திகரிக்கும்போது காரத்திலும் வெளுப்பு மண்ணிலும் இந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. எண்ணெயில் கொஞ்சம் இறங்கும். மிச்சமெல்லாம் புண்ணாக்கில் நிற்கும்.

கடலை போடும் அண்ணன்மார்களே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. காய் முற்றும் கடைசி மூன்று நாலு வாரம் வயலைக் காயவிடாதீர்கள். ஒரு தண்ணீர் விட வழி இருந்தால் அப்போது விடுங்கள். 40, 45ஆம் நாள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது வெறும் மகசூலுக்காக இல்லை. காயின் ஓடு கெட்டியாகும். கெட்டியான ஓட்டுக்குள் பூஞ்சணம் லேசில் போகாது. களையெடுக்கும்போது காயைக் கொத்தியால் காயப்படுத்தாதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்களே, புண்ணாக்கில் சந்தேகம் என்றால் முதலில் நிறுத்துங்கள், அப்புறம் சோதியுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பகுப்பாய்வு செய்யும் கூடம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவில் அஃப்ளடாக்சினை அளக்கும் எலிசா முறையையே உருவாக்கித் தந்திருக்கிறது. வழி இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

தாய்மார்களே, குழந்தைக்குக் கடலை மிட்டாய், கடலைச் சட்னி, சத்துமாவு எதுவானாலும் வறுக்கும் முன் பருப்பைத் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் பொறுக்குங்கள். பத்து நிமிட வேலை. பிள்ளைகளுக்குக் கடலையே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல கடலை நல்ல உணவு. கசந்தால் துப்பக் கற்றுக்கொடுங்கள். துப்பினால் திட்டாதீர்கள். பிறந்த குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். கல்லீரலைத் தாக்கும் இரண்டு எதிரிகளில் ஒன்றையாவது அன்றைக்கே வாசலில் நிறுத்திவிடலாம்.

கடைசியாக ஒன்று

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. நல்லதைப் பிறருக்கு விற்போம். கழித்ததை நாம் வைத்துக்கொள்வோம். எதையும் வீணாக்கக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். நல்ல குணம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தக் குணமே எமனாகிவிடும். கழித்தது மாட்டுத் தொட்டிக்குப் போனால் பாலாகத் திரும்பும். கோழிக்குப் போனால் கோழி சாகும். செக்குக்குப் போனால் தாளிக்கும் கரண்டியில் வந்து நிற்கும்.

எது நஞ்சுள்ள பூஞ்சணம், எது இல்லாதது என்று பிரிக்கும் இயந்திரம் உங்கள் அடுக்களையில் இல்லை. அதனால் எல்லாவற்றையும் நஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தப்பில்லை. கால்படி கடலை போனால் போகட்டும்.

அந்த அக்கா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போனதும் மிச்சமிருந்த புண்ணாக்கையும், அடுக்களையில் இருந்த எண்ணெய்க் குடத்தையும் கொல்லைக்குக் கொண்டுபோய், குழி வெட்டி ஆழப் புதைத்துவிட்டார். ஒரு வருட எண்ணெய். கை நடுங்கியது என்றார். மாடு ஒரு வாரத்தில் பழையபடி தீனிக்கு வாய் வைத்தது.

இன்று ராத்திரி தூங்கப்போகும் முன் உங்கள் கடலை டப்பாவைத் திறந்து பாருங்கள். சந்தேகமானதைப் பொறுக்கி எடுங்கள். மாட்டுக்கு வேண்டாம், கோழிக்கு வேண்டாம், செக்குக்கும் வேண்டாம்.

புதைத்துவிடுங்கள்.